தராசின் நல்ல தட்டு: யூத மரபில் நல்லெண்ணமும் தவ்பாவும்

ருவான்வெல்லையில் என் வாப்பா சில்லறைக் கடை வைத்திருந்த காலத்தில், கடையின் நடுவே ஒரு தூக்குத் தராசு தொங்கும். சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள் கடையில் நிற்க இடமிருக்காது. அரிசி, மா, சீனி, கருவாடு என்று வாப்பா நிறுத்துக்கொண்டேயிருப்பார். முள் நடுவுக்கு வந்த பின்னரும் ஒரு சிறு பிடி அள்ளிச் சாமான் தட்டில் போடுவார். தட்டு சற்றுத் தாழும். அதன் பிறகுதான் சுற்றுவார்.

"நட்டம்தானே வாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தட்டு வாங்குறவன் பக்கம் தாழோணும் மகள். அப்பதான் நமக்கு ராத்திரி நித்திரை வரும்" என்றார்.

சந்தையில் நிறுப்பவரிடம் சற்றுத் தாழ்த்தி நிறுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸை நான் பின்னர்தான் படித்தேன். மனிதர்களைப் பற்றி நல்லெண்ணம் கொள்வதற்கு யூத மரபு பயன்படுத்தும் சொல்லும் தராசிலிருந்தே பிறந்தது என்பதை அதற்கும் பல வருடங்கள் கழித்தே அறிந்தேன். ஹீப்ரு மொழியில் அதற்குக் 'கஃப் ஸெகூத்' என்று பெயர். கஃப் என்றால் தராசுத் தட்டு. உள்ளங்கைக்கும் அதே சொல்தான். அரபியிலும் கஃப் என்றால் உள்ளங்கை. ஸெகூத் என்றால் தகுதி, நற்பேறு. ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும்போது அவரது நன்மைத் தட்டைத் தாழ்த்தி நிறுக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

இக்கட்டுரை அக்கருத்தையும், அதனோடு இணைந்த 'தெஷுவா' எனும் தவ்பாவையும் விளக்க முயல்கிறது. பலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியால் நெஞ்சு கொதித்திருக்கும் இக்காலத்தில் யூத மரபைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அநீதியை அநீதி என்று சொல்லிக்கொண்டே, ஒரு வேதக்காரச் சமூகத்தின் அறிவு மரபை நிதானமாகப் படிக்க முடியும் என்பது என் எண்ணம். நம் முன்னோரும் அப்படித்தான் படித்தார்கள். எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கடித உறையின் கதை

2006ஆம் ஆண்டு. நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்து மூன்றாவது வருடம். தரம் 8 வகுப்பாசிரியை. சுற்றுலாவுக்காகப் பிள்ளைகளிடம் சேர்த்த 4,300 ரூபாயை ஒரு கடித உறையில் போட்டு மேசை லாச்சியில் வைத்திருந்தேன். இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் உறையைக் காணவில்லை.

இடைவேளையில் வகுப்பில் இருந்தது ஒரேயொரு பிள்ளை. தோட்டத்து லயத்திலிருந்து வருகிற மகன். இரண்டு நாள் வராததால் விடுபட்ட நோட்ஸை எழுதிக்கொண்டிருந்தான். நான் அவனை எழுப்பி, "நீதானே எடுத்தே?" என்று கேட்டேன். "எடுத்தியா?" என்று கூடக் கேட்கவில்லை. முப்பத்திரண்டு பிள்ளைகள் பார்த்திருக்க, அவனுடைய புத்தகப் பையை மேசையில் கொட்டினேன். காசு இருக்கவில்லை. அப்போதும் என் மனம் மாறவில்லை. வேறெங்கோ ஒளித்திருப்பான் என்றே நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து, வரவு இடாப்புக்குப் போட்டிருந்த பிரவுண் பேப்பர் உறை கிழிந்தபோது, அதற்குள்ளிருந்து அந்தக் கடித உறை விழுந்தது. லாச்சிக்குள் அது எப்படியோ இடாப்பு அட்டைக்குள் நழுவியிருக்கிறது. அன்று பாடசாலை விட்டதும் அவனைத் தனியே கூப்பிட்டு, "காசு கிடைச்சிட்டு மகன், ஒன்றும் யோசிக்காதே" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அந்தத் தவணை முடிவோடு படிப்பை நிறுத்திவிட்டான்.

குற்றஞ்சாட்டியது முப்பத்திரண்டு பேருக்கு முன்னால். குற்றத்தை நீக்கியது யாருமில்லாத இடத்தில். இந்த வித்தியாசம் எனக்கு விளங்க மிக நீண்ட காலம் எடுத்தது.

சம்பளம் கேட்டுப் போன தொழிலாளி

யூதர்களின் வாய்மொழிச் சட்ட மரபைத் தொகுத்த நூல் மிஷ்னா. அது கி.பி. 200 அளவில் நிறைவு பெற்றது. அதில் 'பிர்கே அவோத்' என்ற பகுதி முன்னோரின் அறவுரைகளைத் தருகிறது. யெஹோஷுவா பென் பெரஹ்யா என்ற அறிஞர் அங்கே மூன்று காரியங்களைச் சேர்த்துச் சொல்கிறார்: ஓர் ஆசானைத் தேடிக்கொள்வது, ஒரு நண்பனைச் சம்பாதிப்பது, எல்லா மனிதரையும் நன்மைத் தட்டில் வைத்து நிறுப்பது. ஆசானிடமும் குறை தெரியும், நண்பனிடமும் குறை தெரியும். நன்மைத் தட்டு தாழாவிட்டால் இரண்டு பேரும் நிலைக்க மாட்டார்கள். அதனால்தான் மூன்றும் ஒரே இடத்தில் வந்தன என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அதே நூலில் ஹில்லெல் என்ற அறிஞர், மற்றவரின் இடத்தில் போய் நிற்கும்வரை அவருக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற கருத்தை வைக்கிறார்.

இதற்குத் தல்மூத் தரும் கதை, தோட்டப் பகுதியில் வாழும் எம்மைப் போன்றோருக்கு உடனே விளங்கும். மேல் கலிலேயாவைச் சேர்ந்த ஒரு தொழிலாளி தெற்கே ஒரு நிலச் சொந்தக்காரரிடம் மூன்று வருடம் வேலை செய்தார். பாவ நிவர்த்திப் பெருநாளாகிய யோம் கிப்பூருக்கு முந்திய நாள், மனைவி மக்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், என் கூலியைத் தாருங்கள் என்று கேட்டார். காசு இல்லை என்றார் முதலாளி. அப்படியானால் விளைச்சலாகத் தாருங்கள் என்றார். அதுவும் இல்லை. நிலமும் இல்லை, கால்நடையும் இல்லை, தலையணை போர்வை கூட இல்லை என்று பதில் வந்தது. தொழிலாளி தன் சாமான்களை முதுகில் போட்டுக்கொண்டு மனம் வெந்து வீடு திரும்பினார்.

பெருநாள் முடிந்ததும் முதலாளி கூலியை எடுத்துக்கொண்டு, மூன்று கழுதைகளில் உணவும் பானமும் இனிப்பும் ஏற்றி, தொழிலாளியின் வீட்டுக்கே வந்தார். சாப்பிட்ட பின் கூலியைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: காசு இல்லை என்றேனே, என்ன நினைத்தீர்? ஏதோ மலிவாகச் சரக்கு வந்து அதில் முதலைப் போட்டிருப்பீர்கள் என நினைத்தேன் என்றார் தொழிலாளி. நிலம்? குத்தகைக்குக் கொடுத்திருப்பீர்கள். கால்நடை? வாடகைக்குப் போயிருக்கும். விளைச்சல்? அதற்குரிய தசமபாகம் இன்னும் கொடுபட்டிருக்காது. தலையணையும் இல்லை என்றபோது? சொத்தையெல்லாம் இறைவனுக்கென்று நேர்ந்திருப்பீர்கள் என நினைத்தேன். முதலாளி ஆணையிட்டுச் சொன்னார்: அப்படியேதான் நடந்தது. மகன் வேதம் படிக்காத கவலையில் சொத்தனைத்தையும் நேர்ந்துவிட்டேன். பிறகு அறிஞர்களிடம் போய்த்தான் அந்த நேர்ச்சையிலிருந்து விடுபட்டேன். நீர் என்னை நன்மைத் தட்டில் நிறுத்தது போல இறைவனும் உம்மை நிறுப்பானாக.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. கூலி கிடைக்காதவனிடம் நல்லெண்ணம் கொள் என்று உபதேசிப்பது எப்படி நியாயமாகும்? தேயிலை, ரப்பர்த் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று 2021 மார்ச்சில் வர்த்தமானி வருவதற்கு எத்தனை வருடப் போராட்டம் தேவைப்பட்டது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். ஆனால் தோராவோ, கூலியை அன்றன்றே கொடுக்கக் கட்டளையிடுகிறது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழி நமக்குத் தெரியும். கதையின் மறுபாதியைக் கவனித்த பிறகுதான் என் கோபம் தணிந்தது. முதலாளியும் சும்மா இருக்கவில்லை. கூலியைத் தூக்கிக்கொண்டு அவரே தேடி வந்தார். ஏன் கொடுக்கவில்லை என்ற காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னார். தொழிலாளியின் நல்லெண்ணமும் முதலாளியின் திரும்பிவரலும் சேர்ந்தால்தான் இந்தக் கதை முழுமையாகிறது. முதல் பாதியை மட்டும் பிரசங்கம் செய்தால் அது ஏழையின் வாயை அடைப்பதற்கே உதவும்.

மதீனாவில் ஒரு கவசம்

நம் மார்க்கத்தில் இதற்குரிய சொல் ஹுஸ்னுழ் ழன். அதிகமான சந்தேகங்களைத் தவிர்க்கும்படியும், சில சந்தேகங்கள் பாவமாகும் என்றும், துருவித் துருவி ஆராயவோ புறம்பேசவோ வேண்டாம் என்றும் ஸூரா அல்ஹுஜுராத் (49:12) ஒரே மூச்சில் சொல்கிறது. இந்த வரிசை கவனிக்கத்தக்கது. சந்தேகம் துருவலைப் பெறுகிறது. துருவல் புறம்பேச்சைப் பெறுகிறது. நான் அந்தப் பையைக் கொட்டியது இரண்டாம் படி. ஆசிரியர் அறையில் அதைச் சொல்லியது மூன்றாம் படி.

சகோதரனின் தவறுக்கு எழுபது நியாயம் தேடுங்கள் என்ற வாசகத்தைப் பலர் நபிமொழி என்றே சொல்கிறார்கள். உண்மையில் அது முன்னோர்களான நல்லடியாரின் கூற்றாக இமாம் பைஹகீ (ரஹ்) பதிவு செய்தது. கருத்து நல்லதுதான். ஆனாலும் நபியவர்கள் சொல்லாததைச் சொன்னதாக்குவதில் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

நம் தலைப்புக்கு மிக நெருங்கிய சம்பவம் ஸூரா அந்நிஸாவில் இருக்கிறது. 105ஆம் வசனம் முதல் 113 வரை இறங்கிய பின்னணியாகப் பல தஃப்ஸீர்கள் கூறும் செய்தி இது. மதீனாவில் முஸ்லிம் பெயர் தாங்கிய துஃமா இப்னு உபைரிக் என்பவன் அயலவரின் கவசமொன்றைத் திருடினான். அதை மாப் பையொன்றுக்குள் வைத்துக் கொண்டு சென்றான். பையிலிருந்த ஓட்டையால் மா சிந்தித் தடம் காட்டியது. மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும், கவசத்தை ஒரு யூதரிடம் ஒப்படைத்துவிட்டு, அவரே திருடர் என்று பழி போட்டான். அவனுடைய கோத்திரத்தாரும் ஒன்றுசேர்ந்து அவனுக்காகப் பேசினார்கள். நம் ஆள் ஒரு பக்கம், யூதர் மறுபக்கம். நபியவர்கள் நம் ஆளை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. அப்போது இறங்கிய வசனங்கள் மோசடிக்காரருக்காக வாதாட வேண்டாம் என்றன. குற்றத்தைச் செய்துவிட்டு அதை நிரபராதி மீது வீசுபவன் பெரும் அவதூறைச் சுமக்கிறான் என்றன. அந்த யூதரின் மானம் காக்கப்பட்டது. உலக முடிவுவரை ஓதப்படும் வேதத்தில் அவருடைய நிரபராதித்தன்மை பதிவாகிவிட்டது.

இங்கே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, நன்மைத் தட்டு நம் ஆளுக்கு மட்டும் தாழக் கூடாது. கோத்திரத்தார் துஃமாவைப் பற்றி 'நல்லெண்ணம்' கொண்டார்கள். அதற்கு விலையாக இன்னொருவர் மீது கெட்ட எண்ணத்தைச் சுமத்தினார்கள். இரண்டாவது, இதே வசனத் தொடரில்தான், தீமை செய்து தனக்கே அநீதி இழைத்தவன் பிழைபொறுக்கத் தேடினால் அல்லாஹ்வை மன்னிப்பவனாகக் காண்பான் (4:110) என்ற வாசலும் திறக்கப்படுகிறது. நிரபராதிக்கு நீதியும் குற்றவாளிக்குத் தவ்பாவும் பக்கத்துப் பக்கத்து வசனங்களில் நிற்கின்றன.

2019 ஏப்ரல் 21க்குப் பின்னர் இந்நாட்டு முஸ்லிம்களுக்கு இது ஏட்டுப் பாடமாக இருக்கவில்லை. யாரோ சிலர் செய்த கொடுமைக்கு நம் எல்லோரையும் ஒரே தட்டில் ஏற்றினார்கள். பதினைந்து வருடமாகப் போய்வந்த அதே பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை பல நாள் காலியாகவே கிடந்தது. அந்த நாட்களில்தான் லயத்து மகனின் முகம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

திரும்பி வருதல்

தவ்பாவைத் தமிழில் 'பாவமன்னிப்பு' என்று எழுதுகிறோம். தமிழ் படித்தவள் என்ற வகையில் எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. மன்னிப்பு அல்லாஹ்விடமிருந்து வருவது. தவ்பா என்பது அடியான் செய்யும் காரியம். அதன் பொருள் திரும்புதல். ஹீப்ருவின் தெஷுவாவுக்கும் அதே பொருள்தான். இரண்டு மொழிகளும் ஒரே குடும்பம் என்பதால் இது ஆச்சரியமில்லை. 'மன்னிப்பு' என்ற சொல் கையேந்திக் காத்திருப்பவனைக் காட்டுகிறது. 'திரும்புதல்' என்ற சொல் நடந்து வருபவனைக் காட்டுகிறது. கழுதைகளில் உணவேற்றி வந்த முதலாளியைப் போல.

யூத மரபில் தெஷுவாவின் சட்டங்களை மிக ஒழுங்காகத் தொகுத்தவர் மூஸா இப்னு மைமூன். குர்துபாவில் பிறந்து, எகிப்தின் புஸ்தாத்தில் வாழ்ந்து, 1204இல் மறைந்தவர். ஸலாஹுத்தீன் ஐயூபியின் அரசவையோடு தொடர்புடைய மருத்துவர். தன் பெரும்பாலான நூல்களை அரபியிலேயே எழுதினார். சட்டத் தொகுப்பாகிய மிஷ்னே தோராவை மட்டும் ஹீப்ருவில் எழுதினார். அதில் தெஷுவாவுக்குத் தனிப் பகுதி உண்டு. பாவத்தை விடுவது, வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்வது, அதை வாயால் அறிக்கையிடுவது என்பன அதன் அங்கங்கள். வேறொரு மனிதருக்கு அநீதி செய்திருந்தால் இவை போதாது. இழப்பை ஈடுசெய்து, அவரைத் தேடிப்போய்ச் சமாதானம் செய்ய வேண்டும். அவர் மறுத்தால் மூன்று நண்பர்களோடு போக வேண்டும். அப்படி மூன்று முறை முயல வேண்டும். அவர் இறந்துவிட்டால் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கப்றடியில் நின்று, இன்னாருக்கு நான் இந்த அநீதியைச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். யோம் கிப்பூர் நோன்பு இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையிலான பாவத்தையே போக்கும். மனிதருக்கிடையிலான பாவத்தை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானம் செய்யும்வரை போக்காது என்பது மிஷ்னாவின் தீர்ப்பு.

இமாம் நவவீ (ரஹ்) 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் தவ்பாவுக்குக் கூறும் நிபந்தனைகளை மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். பாவத்தை விடுதல், வருந்துதல், மீளாதிருக்க உறுதி கொள்தல். மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டால் அதை மீள ஒப்படைத்தல் நான்காவது. தொழுகையும் நோன்பும் மலைபோல் வைத்திருந்தும், பிறரை ஏசியும் அடித்தும் அவதூறு சொல்லியும் வந்ததால் மறுமையில் வங்குரோத்தாகி நிற்பவனைப் பற்றிய ஹதீஸும் இதையே உறுதிசெய்கிறது.

அவதூறு விடயத்தில் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவர் மீது அவதூறு சொன்னவனின் தவ்பா, தன் சொல்லைத் தானே பொய்யென்று அறிவிப்பதாகும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. மனதுக்குள் வருந்துவது போதாது. ஸூரா அல்பகராவில் (2:160) சத்தியத்தை மறைத்தவர்களின் மீட்சிக்கு மூன்று வேலைகள் சொல்லப்படுகின்றன: தவ்பா செய்வது, சீர்செய்வது, தெளிவுபடுத்துவது. நானும் முப்பத்திரண்டு பிள்ளைகளிடமிருந்து ஓர் உண்மையை மறைத்தவள்தான். முதலாவதை எத்தனையோ முறை செய்திருந்தேன். மூன்றாவதை ஒருநாளும் செய்யவில்லை.

கொச்சியின் பின்வரிசை

தனி மனிதரின் தவறு இப்படியென்றால், ஒரு சமூகமே தவறாக நிறுத்துவிட்டால் என்ன செய்வது? இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

யூதர்கள் நமக்குத் தூரத்து மனிதர்களல்லர். ஸரந்தீபில் யூதர்கள் வாழ்ந்ததை அபூ ஸைத் அஸ்ஸீராஃபீ குறிப்பிடுகிறார். இத்தீவின் அரசனுக்கிருந்த பதினாறு ஆலோசகர்களில் நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர்கள் என்று 12ஆம் நூற்றாண்டில் அல்இத்ரீஸீ எழுதினார். கி.பி. 849இல் கொல்லத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் எழுதப்பட்டது. அதில் சாட்சிகள் கூஃபி அரபு எழுத்திலும், பஹ்லவியிலும், ஹீப்ரு எழுத்தில் பாரசீக மொழியிலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். முஸ்லிமும் யூதரும் ஒரே செப்பேட்டில் சாட்சிகளாக நின்றார்கள்.

கொச்சி யூதர்களிடையே பழைய மலபார் யூதர்கள் ஒரு பிரிவு. ஐரோப்பாவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் பின்னர் வந்த 'பரதேசி'கள் மறுபிரிவு. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. பரதேசிகளோடு, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களும் அங்கே தொழுதார்கள். ஹீப்ருவில் அவர்களை மெஷுஹ்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டோர், என்பார்கள். பெயர்தான் விடுதலை. தொழுகைக்கூடத்தில் அவர்களுக்கு மற்றவர்களோடு சமமாக அமர இடமில்லை. தோரா ஓத அவர்கள் அழைக்கப்படவில்லை. திருமண உறவும் இல்லை. பிறப்பை வைத்தே தட்டு தாழ்ந்தது, உயர்ந்தது.

இது மார்க்கம் சொன்னதல்ல. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இப்படியான பாகுபாடு பற்றி எகிப்திலிருந்த ரப்பி தாவீத் இப்னு அபீ ஸிம்ராவிடம் கேள்வி போயிற்று. முறைப்படி யூத மார்க்கத்தில் சேர்ந்தவர்களைத் திருமணத்திலிருந்து விலக்கி வைக்க முடியாது என்ற பக்கமே அவரது தீர்ப்பு நின்றது. தீர்ப்பு வந்தது, நடைமுறை மாறவில்லை. ஏறக்குறைய நானூறு வருடம் அப்படியே போயிற்று.

மாற்றத்தைக் கொண்டுவர உழைத்தவர் அந்த விடுவிக்கப்பட்டோர் வழியில் 1882இல் பிறந்த ஆபிரகாம் பராக் ஸாலெம். மதராஸில் சட்டம் படித்த வழக்கறிஞர். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்கும் சென்றவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியைத் தன் சொந்தத் தொழுகைக்கூடத்துக்குள் கொண்டுவந்ததால் 'யூத காந்தி' என்று பெயர் பெற்றார். தொழுகைக்கூடத்தைப் புறக்கணித்தும், உரிமையில்லாத இடத்தில் அமர்ந்தும் போராடினார். தடைகள் ஒரே நாளில் விழவில்லை, ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950இல் அவருடைய மகனொருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். பிற்காலத்தில் ஸாலெம் சியோனிச இயக்கத்தை ஆதரித்தார். அந்த இடத்தில் நாம் அவரோடு உடன்பட மாட்டோம். ஆனால் ஒரு மனிதரின் ஒரு பிழை அவருடைய மற்ற நன்மைகளையெல்லாம் தட்டிலிருந்து இறக்கிவிடுமா? இரண்டையும் ஏற்றி நிறுப்பதுதான் தராசுக்கு மரியாதை.

கொச்சி எனக்குக் கற்றுத் தந்தது இதுதான். அவமானம் சபைக்கு நடுவில் நடந்தது. ஆகவே பரிகாரமும் சபைக்கு நடுவில், எந்த வரிசையில் அமர்வது, யாரைத் தோரா ஓத அழைப்பது என்ற இடத்திலேயே நடக்க வேண்டியிருந்தது. நம் பள்ளிவாசல்களில் முன்வரிசை யாருக்கும் எழுதி வைக்கப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கல்யாணப் பேச்சில், வேலைக்கு ஆள் எடுப்பதில், "தோட்டத்துப் புள்ளதானே" என்று வாய் தவறி வரும் வார்த்தையில், நம்மிடமும் பின்வரிசைகள் உண்டு.

நல்லெண்ணத்துக்கு எல்லை உண்டா?

உண்டு. இப்னு மைமூன், மிஷ்னா விளக்கவுரையில், ஆளைப் பொறுத்து இதை வகைப்படுத்துகிறார். நல்லவரா கெட்டவரா என்று தெரியாத ஒருவரின் செயல் இரு விதமாகவும் பொருள்படும்போது நல்ல விதமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நல்லவர் என்று பெயரெடுத்தவரின் செயல் பார்வைக்குத் தவறாகத் தெரிந்தாலும், நன்மைக்கு வழி இருக்கும்வரை நல்லதாகவே எடுக்க வேண்டும். கெடுதி செய்பவர் என்று நிரூபணமானவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவரையோ, வக்பு சொத்தைச் சாப்பிட்டவரையோ, "நல்லெண்ணம் வையுங்கள்" என்று சொல்லி மூடிமறைப்பது துஃமாவின் கோத்திரத்தார் செய்த வேலை. நல்லெண்ணம் என்பது தெரியாததை இட்டு நிரப்புவதற்கு. தெரிந்ததை அழிப்பதற்கு அது உதவாது.

லயத்து மகன் விடயத்தில் எனக்கு என்ன தெரிந்திருந்தது? உறை இல்லை என்பது மட்டும். மீதியை நான் இட்டு நிரப்பினேன். அதை எதைக்கொண்டு நிரப்பினேன் என்பதை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது.

லயத்துக்குப் போனது

தெஷுவா பூரணமடைந்ததை எப்படி அறிவது என்பதற்கும் இப்னு மைமூன் ஓர் அளவுகோல் தருகிறார். அதே வாய்ப்பு, அதே சூழ்நிலை மீண்டும் வந்து, செய்ய முடிந்தும் செய்யாமல் விட்டால் அது முழுமையான திரும்புதல். போன வருடம் என் வகுப்பில் ஒரு பிள்ளையின் டியூஷன் காசு காணாமல் போனது. இந்த முறை நான் எந்தப் பையையும் திறக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து தேடுவோம் என்றேன். அடுத்த வகுப்பில் படிக்கும் அதன் ராத்தாவிடமே காசு இருந்தது. அன்று வீடு திரும்பும்போது, இது போதும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். போதாது என்று உடனே தெரிந்தது.

டிசம்பர் விடுமுறையில் ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். அந்த மகனின் அம்மா பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வுபெற்று லயத்தில்தான் இருக்கிறார். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். பக்கத்துக் காம்பராப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் நிற்கும்போதே விடயத்தைச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் மகனுக்குப் போன் எடுத்து என்னிடம் தந்தார்.

"அதெல்லாம் பழைய கதை டீச்சர்" என்றார் அவர். பிறகு, "நான் எடுக்கலன்னு ஒங்களுக்கு அப்பவே தெரியுந்தானே?" என்றார்.

"தெரியும் மகன்."

"மத்தவங்களுக்குத் தெரியுமா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். என்னையும் எப்போதோ சேர்த்திருந்தார்கள். பெருநாள் வாழ்த்துக்கு மேல் நான் அதில் எதுவும் எழுதியதில்லை. அன்று இரவு, காசு எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, நான் ஏன் அதைச் சொல்லாமல் விட்டேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். சிலர் உடனே பதில் போட்டார்கள். "டீச்சர், அவன் எடுத்ததென்றுதான் இவ்வளவு காலமும் நாங்கள் நினைத்திருந்தோம்" என்று ஒருவர் எழுதினார். அதை வாசித்தபோது என் கை நடுங்கியது. நான் தனியே சொன்ன ஒரு வார்த்தை தனியேதான் கிடந்திருக்கிறது. பகிரங்கமாகச் சொன்ன வார்த்தையோ இவ்வளவு காலமும் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது.

மறுநாள் காலை பார்த்தேன். அந்த மகனின் நம்பரை யாரோ குழுவில் சேர்த்திருந்தார்கள். அதுவரை அவர் அதில் இருந்ததில்லை.

யா அல்லாஹ், எங்கள் சந்தேகங்களிலிருந்து உன் அடியார்களைக் காப்பாயாக. யாரை நாங்கள் தவறாக நிறுத்தோமோ அவர்களிடம் நடந்து போகும் தைரியத்தை எங்கள் கால்களுக்குத் தருவாயாக. ஆமீன்.